காலா கில்லா

காலா கில்லா, மும்பை தாராவியில் மித்தி ஆற்றையொட்டி அமைந்த ஆங்கிலேயர் காலச் சிறு கோட்டை. ரீவா கோட்டை என்றும் வழங்கும். கருங்கல் சுவர்களால் 'கறுப்புக் கோட்டை' எனப் பொருள்படும் இந்திப் பெயர் பெற்றது. அரண்மனையோ குடியிருப்போ அன்று. பம்பாய்த் தீவின் வட எல்லையைக் கண்காணித்த காவல் அரண். ஆற்றுக்கு அப்பால் இருந்த சால்செட் தீவு, முன்பு போர்ச்சுக்கீசியர் வசம் இருந்தது. மராத்தியர் அதைக் கைப்பற்றத் தொடங்கிய ஆண்டு 1737.

சுவரில் பதித்த ஆங்கிலக் கல்வெட்டு, கோட்டை ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணையால் அதே 1737-இல் கட்டப்பட்டது என்கிறது. ஜெரால்டு ஆஞ்சியர் (ஆளுநர், 1669–1677) காலத்தது என்ற கூற்றும் உண்டு. ஆயினும் கல்வெட்டே வலுவான சான்று. அருகிலுள்ள சயான் குன்றுக் கோட்டை ஆஞ்சியர் காலத்தது.

இன்று கோட்டையைக் குடிசைகளும் பட்டறைகளும் நெருக்கி நிற்கின்றன. சயான் கோட்டையைப் போல அடிவாரப் பூங்கா இதற்கில்லை. காண வருவோரும் குறைவு. பாயந்தர் அருகே உத்தனில் உள்ள தாராவிக் கோட்டை இதிலிருந்து வேறானது.