நாலு மடிப்பு வேஷம்

எங்க ஊருக்குப் பேர் கொடுத்த மறைமலை அடிகள் கடைசிவரை வாழ்ந்தது பல்லாவரத்தில். மறைமலை நகரில் லோக்கல் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பல்லாவரத்துக்குப் பக்கத்திலேயே பம்மல். அந்த ஊர்ப் பேரைத் தன் பேரோடு சேர்த்து வைத்திருந்தவர்தான் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964).

வேதாசலம் என்ற தன் பேரையே அடிகள் தமிழாக்கி மறைமலை என்று வைத்துக்கொண்டார். முதலியார் அதையே ஷேக்ஸ்பியருக்குச் செய்தார். ஹாம்லெட் அவர் கையில் அமலாதித்யன் ஆனான், மேக்பெத் மகபதி ஆனான், வெனிஸ் வணிகன் வாணீபுர வணிகன் ஆனான். 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்துக்கு அவர் வைத்த பேர் 'விரும்பிய விதமே'.

1599 வாக்கில் எழுதப்பட்ட மூலக்கதை இதுதான். நாடு கடத்தப்பட்ட ரோஸலிண்ட் ஆண் வேஷம் போட்டு, கானிமீட் என்ற பேரில் காட்டுக்குப் போகிறாள். அவள்மேல் பித்தான ஆர்லாண்டோ, மரத்துக்கு மரம் கவிதை ஒட்டித் திரிகிறான். அவனிடம் கானிமீட் சொல்வது: "உன் காதல் நோயை நான் தீர்க்கிறேன். என்னையே ரோஸலிண்டா நினைச்சுக் காதல் பேசு." இதற்கு நடுவில் ஃபீபி என்ற இடைச்சி, கானிமீட் நிஜ ஆண் என்று நம்பி அவன்மேல் மனசைப் பறிகொடுக்கிறாள்.

இங்கேதான் விஷயம் இருக்கு. 1660 வரை லண்டன் பொது மேடைகளில் பெண் வேஷம் கட்டியது பையன்கள். அப்படின்னா ஒரு பையன் பெண்ணாகி, அந்தப் பெண் ஆணாகி, அந்த ஆண் மறுபடி பெண்ணாக நடிக்கிறான். மொத்தம் நாலு மடிப்பு. நாடக முடிவில் ரோஸலிண்ட் தனியாக வந்து பேசும்போது, தான் பெண் இல்லை என்பதை அந்தப் பையனே ஜாடையாகச் சொல்லிவிடுவான். பிறகு நடிகைகள் வந்தார்கள். நல்லதுதான். ஆனால் அடிமடிப்பு போய்விட்டது.

அது சென்னையில் மிச்சமிருந்தது. 1891-ல் முதலியாரும் நண்பர்களும் தொடங்கிய சுகுண விலாச சபையில், படித்த, உத்தியோகம் பார்க்கிற ஆண்களே பெண் வேஷமும் கட்டினார்கள். முதலியாருக்கு ஜோடியாக ஸ்திரீபார்ட் போட்டுப் பேர் வாங்கிய ரங்கவடிவேலுவும் ஆண்தான். அந்த மாதிரி மேடையில் ஃபீபியைப் பாருங்க. அவள் 'தப்பாக' காதலித்த ஆள் உள்ளபடியே ஆண். காதலித்த அவளும் ஆண். இதில் யார் ஏமாந்தது?

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது முதலியார் இல்லை. ஒரகடம் பக்கம் என்னோடு ஷிஃப்ட் பார்த்த ஒரு தம்பி. காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமம், கூத்துக் குடும்பம். லீவு கிடைத்தால் ஊருக்குப் போய் கர்ண மோட்சத்தில் பொன்னுருவி வேஷம் கட்டுவான். யாரோ போனில் படம் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து கேன்டீனில் "வாங்க மேடம்". நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருமுறை அவன் கூத்துக்குப் போனேன். விடியற்காலை, கர்ணனைப் போருக்கு அனுப்பிவிட்டுப் பொன்னுருவி அழுகிறாள். பக்கத்தில் இருந்த கிழவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எங்க பெரியசாமி பேரன்தான். வயித்தைப் பிசையுது பாரு." ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அழுதாள்.

வேஷம் கலைக்கும்போது அவன் கேட்டான்: "இவங்கள்லாம் ஏமாந்தவங்களா அண்ணே?"

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது தோன்றுவது இது: வேஷம் பொய்தான், எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதன்மேல் வந்த பாசம் பொய்யில்லை. ஷேக்ஸ்பியர் அத்தனை மடிப்பு மடித்துச் சொன்னதும் அதுதான். கிழவிக்கு அது முன்னாடியே தெரிந்திருந்தது. கேன்டீனில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத்தான் தெரியவில்லை.