அரிக்கும் என்று நினைத்தாலே அரிக்குமா?

தலைப்பைப் படித்ததுமே கழுத்துல, தலையில லேசா அரிக்குதா? உங்களுக்கு மட்டும் இல்லை!

ஜெர்மனியில் ஆய்வாளர்கள் சிலர் அரிப்பைப் பற்றி ஓர் உரைக்கு ஏற்பாடு செய்தனர். முதலில் பூச்சிகள், சொறிந்த தடங்கள் போன்ற படங்கள் காட்டப்பட்டன. பிறகு குழந்தையின் மென்மையான தோல் போன்ற இதமான படங்கள். பூச்சிப் படங்கள் வந்தபோதுதான் பார்வையாளர்கள் அதிகம் சொறிந்தனர். ஆய்வு 2000இல் வெளியானது.

ஏன் இப்படி?

தோலிலுள்ள நரம்புகள் அனுப்பும் தகவலை மூளை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே கணிக்கவும் செய்கிறது. அந்தக் கணிப்பு உணர்வை மாற்றும்.

நெதர்லந்தில் 2011இல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. எல்லாருக்கும் தோலில் ஒரே மாதிரியான தூண்டுதல்தான். ஆனால் அதிகம் அரிக்கும் என்று எதிர்பார்க்க வைக்கப்பட்டவர்கள் அதிக அரிப்பை உணர்ந்தனர். இதற்கு 'நோசீபோ' விளைவு என்று பெயர்.

நேர்மாறாகவும் நடக்கும். மருந்தே இல்லாத களிம்பு, மாத்திரை கொடுக்கப்பட்ட நோயாளிகளில் பலருக்கு அரிப்பு ஓரளவு குறைந்தது. அது 'பிளசீபோ' விளைவு.

அப்போ எல்லாம் மனசுலதானா?

இல்லை. எக்ஸிமா உள்ளவரின் தோலில் அழற்சி உண்மையிலேயே இருக்கிறது. எதிர்பார்ப்பு அந்த அரிப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். அதனால் "சும்மா நினைச்சுக்கிறே" என்று யாரிடமும் சொல்லாதீங்க.

நீங்கள் என்ன செய்யலாம்?

• புதிய களிம்பா? எப்போது பலன் தெரியும், முதலில் எரியுமா என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். இணையத்தில் பார்த்த பயமுறுத்தும் கதைகளையும் அவரிடமே சொல்லித் தெளிவுபெறுங்கள்.

• வீட்டில் தம்பி, தங்கைக்கு எக்ஸிமாவா? "சொறியாதே, சொறியாதே" என்றால் கவனம் அரிப்பிலேயே இருக்கும். கைக்கு வேறு வேலை கொடுங்கள். ஈரத்துணியால் இதமாக ஒற்றி எடுங்கள்.

• நல்லாயிடும்னு நம்புறது உதவும். ஆனால் அது மருந்துக்கு ஈடாகாது. மருத்துவரைக் கேட்காமல் சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

6 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட அரிப்பு. சில நேரம் கல்லீரல், சிறுநீரகப் பிரச்சினையும் காரணமாக இருக்கலாம். பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ காட்டிவிடுவது நல்லது.

சரி, இதைப் படித்து முடிப்பதற்குள் எத்தனை முறை சொறிந்தீர்கள்?