பல்லாவரம்

பல்லாவரம், சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில், மீனம்பாக்கம் விமான நிலையத்தைத் தாண்டியதும் வரும் புறநகர் ஊர். செங்கல்பட்டு மாவட்டத்தில், தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கியது. மின்ரயிலில் போகிறவர்களுக்கு இது திரிசூலத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே ஒரு நிறுத்தம். தொல்லியலாரோ இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் கதையையே இங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், இங்குள்ள ராணுவ அணிவகுப்புத் திடலுக்கு அருகே சரளை மண் தோண்டிய பள்ளம் ஒன்றில் மனிதக் கை செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் கிடைத்தன. பின்னர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ பல்லாவரத்தில் சுடுமண் ஈமப்பேழையைக் கண்டறிந்தார்.

‘பல்லவபுரம்’ மருவியே ஊர்ப்பெயர் வந்தது. இங்குள்ள குன்றைக் குடைந்து பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைத்த குடைவரை இன்றும் இருக்கிறது. அவனுடைய விருதுப்பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அது தர்காவாகிவிட்டது. வழிபடுவோர் மாறினாலும் வழிபாடு நிற்கவில்லை. மாமல்லபுரத்துக்குக் கூடும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இதை எட்டிப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இப்பகுதிக் கல்லுக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. கல்கத்தா நகரத்தோடு பெயர் இணைந்துபோன ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகையை 1893இல் ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், அது சென்னைக்கு அருகே பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்தில் கிடைக்கும் பாறைவகை என்று கண்டு, அதற்குச் ‘சார்னோகைட்’ என்று பெயரிட்டார். கல் இந்தப் பக்கத்துக் கல். உலகப் புவியியல் நூல்களில் நிலைத்த பெயர் மட்டும் கல்கத்தாவில் புதைந்தவருடையது.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் பரங்கிமலையோடு சேர்ந்து இது படைவீரர் குடியிருப்பானது. கன்டோன்மெண்ட் நிர்வாகம் இன்றும் தொடர்கிறது. ஓய்வுபெற்ற வீரர்கள் குடியிருந்ததை ‘வெட்ரன் லைன்ஸ்’ என்ற பகுதிப்பெயர் நினைவூட்டுகிறது. ஜமீன் பல்லாவரம், ஈசா பல்லாவரம் என்று ஊர் கிளைத்துக்கொண்டே போனது.

இன்றைய பல்லாவரத்தை உருவாக்கியவை இரண்டு: தோலும் ரயிலும். ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறவைத்துத் தோல் பதனிட்ட காலத்தில், ஜி. ஏ. சேம்பர்ஸ் 1912இல் இங்கே குரோம் லெதர் ஆலையைத் தொடங்கினார். பக்கத்து ஊர் குரோம்பேட்டை என்று பெயர் பெற்றது அந்த ஆலையால்தான். பம்மல், நாகல்கேணி வரை தோல் தொழில் பரவியது. வேலை கிடைத்தது, கூடவே நிலத்தடி நீரும் கெட்டது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்தபோது கிணறுகள் ஏற்கெனவே பாழாகியிருந்தன.

1931இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கியதும், பட்டணத்தில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே குடியிருப்பது எளிதாயிற்று. அதற்கு முன்பே, 1911இல், சென்னைக் கிறித்துவக் கல்லூரித் தமிழாசிரியர் பணியை விட்ட சுவாமி வேதாசலம் இங்கே வீடு கட்டிக் குடிவந்தார். 1916இல் தம் பெயரை மறைமலை அடிகள் என்று மாற்றிக்கொண்டு, பிறமொழிச் சொல் கலவாத தமிழுக்கான தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியதும், 1950இல் மறையும்வரை எழுதியதும், ஆயிரக்கணக்கான நூல்களைச் சேர்த்ததும் பல்லாவரத்தில்தான். ‘வெட்ரன் லைன்ஸ்’ இருக்கும் ஊரில் தனித்தமிழ் பிறந்ததை அவரே ரசித்திருக்க மாட்டார்.

1970இல் நகராட்சியானபின் வயல்கள் மனைகளாயின. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. துரைப்பாக்கத்துக்குப் போட்ட ரேடியல் சாலை பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்தது. தொழிற்கழிவும் குப்பையும் மிச்சத்தைச் சுருக்கின. நெரிசலைக் குறைக்க ஜி.எஸ்.டி. சாலையில் 2020இல் மேம்பாலம் திறக்கப்பட்டது. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரம் நகராட்சி அதில் கரைந்தது.

பழைய டிரங்க் ரோட்டில் கூடும் வெள்ளிக்கிழமைச் சந்தை மட்டும் தொடர்கிறது. காய்கறி, கருவாடு, பூச்செடி, புறா, பழைய மிக்சி, கழற்றிய மோட்டார், ஒற்றைச் சக்கரம் என்று எல்லாம் தரையில் விரித்திருக்கும். விலை பேசிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் விமானம் இறங்கும். சத்தம் அடங்கும்வரை இரு பக்கமும் பேரத்தை நிறுத்திவைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.