ஹிஜ்ரி 1098: கோட்டைகள் வீழ்ந்த ஓர் ஆண்டு

 

 லாங் பஜாரில் வணிகம் செய்யும் நமக்கு வேலூர்க் கோட்டை அன்றாடம் கண்ணில் படும் ஒன்றாகும். கோட்டை என்றவுடன் 1806 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆம் நாள் நடந்த சிப்பாய்ப் புரட்சியே நம் நினைவுக்கு வருகிறது. அது நினைக்கத்தக்கதே. எனினும் அதற்கு 119 ஆண்டுகளுக்கு முன்பு, ஹிஜ்ரி 1098 இல், உலகின் பல மூலைகளில் நடந்த சில நிகழ்ச்சிகளை இவ்வாண்டு மலரில் ஜமாஅத்தார் முன் வைக்க விரும்புகிறோம். அந்த ஹிஜ்ரி ஆண்டு 1686 நவம்பரில் தொடங்கி 1687 நவம்பரில் முடிவுற்றது. அந்த ஓராண்டில் எது வீழ்ந்தது, எது நிலைத்தது என்று பார்த்தால் நமக்குப் பயன்படும் படிப்பினை அதில் உண்டு.

அன்றைய வேலூர்

முதலில் நம் ஊரின் நிலையைக் காண்போம். 1687 இல் வேலூர்க் கோட்டை மராத்தியர் வசம் இருந்தது. அதற்கு முன் பீஜப்பூர் சுல்தான்களின் சார்பில் அப்துல்லாஹ் கான் என்னும் ஹபஷித் தளபதி இக்கோட்டையைக் காத்து வந்தார். ஏறத்தாழ 14 மாதங்கள் நீடித்த முற்றுகைக்குப் பின் 1678 இல் அவர் கோட்டையை ஒப்படைக்க நேர்ந்தது. கிழக்கே காஞ்சிபுரமும் பூவிருந்தவல்லியும் கோல்கொண்டா சுல்தானின் ஆட்சியில் இருந்தன. மேற்கே பெங்களூரைத் தஞ்சை மராத்திய மரபின் எகோஜி வைத்திருந்தார். 1687 இல் அதை முகலாயத் தளபதி காசிம் கான் கைப்பற்றினார். பின்னர் அது 3 இலட்சம் ரூபாய்க்கு மைசூர் மன்னர் சிக்க தேவராஜ உடையாரிடம் சென்றது. ஓர் ஊர் சந்தைப் பொருள் போல் கைமாறிய காலம் அது.

கோல்கொண்டாவின் திட்டிவாசல்

ஔரங்கசீப் ஆலம்கீர் 1686 செப்டம்பரில் பீஜப்பூரைக் கைப்பற்றினார். அடுத்து அவர் பார்வை குதுப் ஷாஹி மரபினரின் கோல்கொண்டா மீது திரும்பியது. மராத்தியருக்குப் பொருளுதவி செய்தார் என்பது அதன் சுல்தான் அபுல் ஹசன் தானாஷா மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. 1687 தொடக்கத்தில் முற்றுகை ஆரம்பமாயிற்று.

ஏறத்தாழ எட்டு மாதங்கள் அந்தக் கோட்டை அசையவில்லை. 87 கொத்தளங்களைக் கொண்ட அதன் மதில்களுக்கு அடியில் முகலாயர் சுரங்கம் தோண்டி வெடிமருந்து நிரப்பினர். வெடித்தபோது கற்கள் திரும்பி விழுந்து அவர்களின் வீரர்களே மாண்டனர். மழை பெய்தது, பஞ்சமும் நோயும் பாசறையைப் பிடித்தன. பிற்காலத்து முதல் நிஜாமின் பாட்டனாரான கிலிச் கான் பீரங்கிக் குண்டால் காயமுற்று இறந்தார். சுல்தானுடன் இரகசியமாகக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்ததாகச் சொல்லி, பேரரசர் தம் மகனாகிய இளவரசர் முஅஸ்ஸமையே சிறையிலிட்டார். இத்தனைக்குப் பிறகும் மதிலை உடைக்க முடியவில்லை.

முடிவில் கோட்டை உள்ளிருந்தே திறக்கப்பட்டது. அப்துல்லாஹ் பானி என்னும் தளபதி விலைபோனார். துல்கஅதா மாதத்தின் ஓரிரவில், விடியலுக்கு முன், ஒரு திட்டிவாசல் திறக்கப்பட்டு முகலாயப் படை உள்ளே நுழைந்தது.

அதே கோட்டையில் அப்துர் ரஸ்ஸாக் லாரி என்னும் மற்றொரு தளபதியும் இருந்தார். அவருக்கும் பெரும் பதவியும் பொருளும் தருவதாக ஆசை காட்டப்பட்டது. அவர் இணங்கவில்லை. எதிரி உள்ளே புகுந்த செய்தி கேட்டதும் விரல்விட்டு எண்ணத்தக்க துணைவர்களுடன் பாய்ந்து சென்று, உடலெங்கும் எழுபதுக்கு மேற்பட்ட காயங்கள் பட்டு விழும்வரை போரிட்டார். அவரது விசுவாசத்தைக் கண்டு வியந்த ஔரங்கசீப் தம் மருத்துவர்களை அனுப்பிச் சிகிச்சை செய்வித்தார். அவர் பிழைத்தெழுந்தார். சுல்தான் தானாஷாவோ கலங்காமல் தம்மைப் பிடிக்க வந்தவர்களை வரவேற்று, உணவருந்திவிட்டுப் புறப்பட்டார் என்று வரலாறு கூறுகிறது. அவரது எஞ்சிய வாழ்நாள் தௌலதாபாத் கோட்டைச் சிறையில் கழிந்தது. 1518 முதல் நீடித்த குதுப் ஷாஹி ஆட்சி அத்துடன் முடிந்தது. ஏறத்தாழ 7 கோடி ரூபாய் ரொக்கம் முகலாயக் கருவூலத்துக்குச் சென்றது.

இரண்டு காஜிகளின் சொல்

இப்போரைப் பற்றி எழுதுவோர் பலர் ஒரு செய்தியைச் சொல்லாமல் கடந்து விடுகின்றனர். ஆலிம்களாகிய நமக்கு அதுவே முதன்மையானது.

பேரரசின் தலைமைக் காஜியாக இருந்தவர் ஷைகுல் இஸ்லாம் என்னும் பெரியார். பீஜப்பூர், கோல்கொண்டா ஆகிய முஸ்லிம் அரசுகள் மீது போர் தொடுப்பது மார்க்கத்துக்கு ஏற்றதன்று என்று அவர் பேரரசரிடமே எடுத்துரைத்தார். தம் சொல் ஏற்கப்படாதபோது பதவியைத் துறந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு விட்டார். அவருக்குப் பின் வந்த காஜி அப்துல்லாஹ்வும் கோல்கொண்டா முற்றுகையின்போது, சுல்தானின் பணிவை ஏற்றுக்கொண்டு முஸ்லிம்களின் இரத்தம் சிந்துவதைத் தடுக்குமாறு வேண்டினார். அவர் சமுகத்துக்கு வரக்கூடாது என்று விலக்கி வைக்கப்பட்டார்.

மன்னர் மார்க்கப் பற்றுடையவர் என்பதற்காக அவர் செய்வதனைத்தும் மார்க்கமாகிவிடாது என்பதை அக்காலத்து காஜிகளே அறிந்திருந்தனர். ஆலம்கீரின் படையில் ராஜபுத்திரர் இருந்தனர். தானாஷாவின் அரசை நடத்தி வந்தவர்கள் 1686 இல் கொல்லப்பட்ட மாதண்ணா, அக்கண்ணா என்னும் பிராமணச் சகோதரர்கள். இது இரு மதங்களுக்கிடையே நடந்த போரன்று; நிலத்துக்கும் நிதிக்கும் நடந்த போர். இன்று நம் இளைஞர்களில் சிலர் அந்த மன்னரின் பெயரைச் சொல்லிப் பெருமை பேசுகின்றனர். வேறு சிலர் அதே பெயரைச் சொல்லி நம்மைப் பழிக்கின்றனர். இரு சாராருக்கும் விடை இந்தக் காஜிகளின் வாழ்க்கையில் இருக்கிறது.

இஸ்தான்புல்லில் நடந்தது

அதே ஆண்டில் உதுமானியப் பேரரசும் தள்ளாடியது. 1683 இல் வியன்னா முற்றுகை தோற்றது. 1686 இல் ஹங்கேரியின் புடா நகரம் கைவிட்டுப் போனது. 1687 ஆகஸ்ட் 12 அன்று, ஈதுல் ஃபித்ர் முடிந்த சில நாட்களில், மொஹாச் அருகே சதர் ஆஸம் சுலைமான் பாஷாவின் படை பெருந்தோல்வி கண்டது. 1526 இல் சுல்தான் சுலைமான் மாபெரும் வெற்றி பெற்ற பகுதியும் அதுவே.

செப்டம்பர் 26 அன்று ஏதென்ஸ் நகரில், பள்ளிவாசலாகவும் வெடிமருந்துக் கிடங்காகவும் பயன்பட்டு வந்த பார்த்தெனான் என்னும் பழங்காலக் கட்டடத்தின் மீது வெனிஸ் படையின் குண்டு விழுந்தது. அங்கே தஞ்சம் புகுந்திருந்த பெண்களும் குழந்தைகளும் உட்படச் சுமார் 300 பேர் மாண்டனர். கோல்கொண்டா வீழ்ந்த நாளுக்கும் இதற்கும் ஒரு வார இடைவெளிகூட இல்லை. இந்திய வரலாற்று நூல்கள் கோல்கொண்டாவின் வீழ்ச்சியைச் செப்டம்பர் 21 என்று குறிப்பது அக்கால ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டிப்படி. புதிய நாட்காட்டியில் அது அக்டோபர் 1 ஆகும்.

தோற்ற உதுமானியப் படை எதிரியை விட்டுவிட்டுத் தலைநகரை நோக்கித் திரும்பியது. சதர் ஆஸம் கொல்லப்பட்டார். ஹிஜ்ரி 1099 பிறந்து இரண்டாம் நாளில், 1687 நவம்பர் 8 அன்று, 39 ஆண்டுகள் ஆண்ட சுல்தான் நான்காம் முஹம்மது அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். அவருக்குப் பின் அமர்த்தப்பட்ட இரண்டாம் சுலைமான், அரண்மனையின் ஒரு பகுதியில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர். உலக அனுபவம் ஏதுமின்றி ஒருவரை அடைத்து வைத்து, பின்பு உலகை ஆளச் சொன்னார்கள்!

இலண்டனில் அச்சான ஒரு நூல்

கோட்டைகள் வீழ்ந்துகொண்டிருந்த அதே 1687 ஜூலையில், இலண்டனில் இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியாயிற்று. ஐசக் நியூட்டன் எழுதிய ‘பிரின்சிப்பியா’ அது. மரத்திலிருந்து விழும் கனிக்கும் வானில் சுழலும் சந்திரனுக்கும் ஒரே விதி என்பதை அது கணக்கால் நிறுவியது.

அந்நூல் அச்சேறிய கதை நம் செல்வந்தர்கள் அறிய வேண்டியது. அங்கிருந்த ராயல் சொசைட்டி, மீன்களைப் பற்றிய ஒரு பெரிய நூலை 1686 இல் வெளியிட்டுத் தன் பணத்தைத் தீர்த்துவிட்டிருந்தது. நியூட்டனின் நூலை அச்சிடச் சங்கத்திடம் பொருளில்லை. எட்மண்ட் ஹாலி என்னும் அறிஞர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அதை அச்சேற்றினார். இதே ஹாலி 1693 இல், ரக்கா நகரில் வாழ்ந்து 929 இல் மறைந்த முஸ்லிம் வானியல் மேதை அல்-பத்தானியின் கணிப்புகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் குறித்து வைத்த கிரகணக் கணக்கு அங்கே பயன்பட்டது. அதே காலத்தில் நம் பேரரசர்களின் கோடிகள் சுரங்கவெடிக்குச் செலவாகிக்கொண்டிருந்தன.

சென்னையில் ஒரு பட்டயம்

1687 ஜூலையில் எலிஹு யேல் சென்னைக் கோட்டையின் ஆளுநரானார். அன்று ஆங்கிலேயர் கோல்கொண்டா சுல்தானுக்கு ஆண்டுக்கு 1,200 வராகன் குத்தகை செலுத்தி வந்த வணிகர்களே. முகலாயருடன் 1686 முதல் அவர்கள் நடத்திய போரிலும் தோற்று, 1690 இல் ஒன்றரை இலட்சம் ரூபாய் அபராதம் கட்டி மன்னிப்புப் பெற்றனர்.

ஆயினும் 1687 டிசம்பர் 30 எனத் தேதியிட்ட பட்டயம் ஒன்றின்படி சென்னைக்கு நகராட்சி மன்றம் ஏற்பட்டது. ஒரு மேயரும் 12 ஆல்டர்மேன்களும் கொண்ட அம்மன்றம் 1688 செப்டம்பர் 29 அன்று செயல்படத் தொடங்கியது. கோல்கொண்டாவை வென்ற பேரரசர் அதன்பின் இருபது ஆண்டுகள் தக்காணத்திலேயே போரிட்டு, தில்லி திரும்பாமலே 1707 இல் அஹ்மத்நகரில் மறைந்தார். அபராதம் கட்டியவர்கள் கணக்கும் ஒழுங்கும் ஒற்றுமையும் கொண்டு அடுத்த நூற்றாண்டில் நாட்டையே பிடித்தனர்.

நமக்கு எஞ்சியது

அவ்வாறாயின் அந்த ஆண்டில் நம்மவர்க்கு எஞ்சியது ஒன்றுமில்லையா? உண்டு. பீஜப்பூரின் அரியணை போயிற்று. அதன் இல்மு போகவில்லை. அங்கிருந்த ஆலிம் குடும்பங்கள் தெற்கு நோக்கி வந்தன. நம் வேலூர் ஹஸ்ரத் மக்கானின் முன்னோர் பீஜப்பூரிலிருந்து வந்தவர்களே. அம்மரபின் ஹஸ்ரத் குர்பி அவர்களிடம் பயின்றவர், வேலூரில் 1745 இல் பிறந்த பாகிர் ஆகாஹ். அரபி, பாரசீகம், தக்னி ஆகிய மொழிகளில் அவர் நூல்கள் இயற்றினார். நம் முஹல்லாக்களில் இன்றும் ஒலிக்கும் தக்னி உருது, வீழ்ந்த அந்தச் சுல்தானியங்களின் மொழிதான்.

தமிழ்க் கடற்கரையிலும் அவ்வாறே. கோல்கொண்டாவில் பீரங்கி முழங்கிய காலத்தில் கீழக்கரையில் ஸதகத்துல்லாஹ் அப்பா அவர்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். 1703 இல் அவர்கள் மறைந்தபின்னும் அவர்களின் மாணவர் பரம்பரை தொடர்ந்தது. அந்த வழியில்தான் நம் ஊரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் எழுந்தது. தோல் வணிகத்தில் பொருளீட்டிய நம் பெரியோர்கள் 1919 இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியை உருவாக்கினார்கள். 1965 இல் மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி தோன்றியது. ஹாலி ஒரு நூலுக்குச் செய்ததை இப்பெரியோர்கள் தலைமுறைகளுக்குச் செய்தார்கள்.

ஜமாஅத்தார்களே! நம் பகுதியின் பல பள்ளிவாசல்களில் நிர்வாகத் தகராறுகள் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் செல்வதைக் கேள்வியுறுகிறோம். வக்ஃபு வருமானத்தின் ஒரு பகுதி வழக்குச் செலவாகக் கரைகிறது. உருது பேசுவோர், தமிழ் பேசுவோர் என்றும், அந்தக் கொள்கையார், இந்தக் கொள்கையார் என்றும் ஒரே ஸஃப்பில் நிற்பவர்களே பிரிந்து நிற்கின்றனர். பூசலிட்டுக் கொண்டால் வலிமை குன்றிவிடும் என்பது இறைமறையின் எச்சரிக்கை. 87 கொத்தளங்கள் காத்த கோட்டையை ஒரு திட்டிவாசல் வீழ்த்தியதை மறந்துவிட வேண்டாம்.

ஆகவே நாம் வேண்டுவது இரண்டு. ஜமாஅத்துக்குள் எழும் வழக்கை ஜமாஅத்துக்குள்ளேயே, ஆலிம்களையும் மூத்தோரையும் வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் நமக்குப் பிடிக்காததைச் சொன்னாலும், காஜி அப்துல்லாஹ்வை விலக்கியது போல் விலக்கிவிடாதீர்கள். வழக்கில் மிச்சமாகும் பணத்தை நம் மக்தப் பிள்ளைகளின் படிப்புக்கும், கல்லூரி வாசலில் கட்டணமின்றி நிற்கும் நம் ஆண்மக்கள், பெண்மக்களின் கல்விக்கும் கொடுங்கள்.

அல்லாஹுத் தஆலா நம் உள்ளங்களை ஒன்றிணைத்து, பயன்தரும் இல்மை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்கியருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.