கணையப் புற்றுநோயும் புரோத்தன் கதிரும்

இரைப்பையின் பின்னே, முள்ளந்தண்டை அண்டி மறைந்து கிடக்கும் உறுப்பு கணையம். அதிலே தோன்றும் புற்றுநோய் நெடுநாள்வரை தன் வரவை அறிவிப்பதில்லை. அறியவரும் வேளையில் அது பெருங்குருதிக் குழாய்களைச் சூழ்ந்துவிடுமாயின், தேர்ந்த சத்திரசிகிச்சை வல்லுநரும் கத்தியெடுக்கத் தயங்குவர். அமெரிக்க வைத்தியர் அலன் விப்பிள் 1935இல் வெளியிட்ட சத்திரசிகிச்சை முறை சிலரைக் காத்தது. அதற்கு எட்டாதவரோ மிகப் பலர். அவர்களுக்கு யாது வழி?

கத்தி செல்லாவிடத்துக் கதிரைச் செலுத்தலாம். ஆயின் எக்ஸ் கதிர் நோயுற்ற இடத்தோடு நில்லாது அப்பாலும் ஊடுருவும். அயலிலுள்ள இரைப்பையும் சிறுகுடலும் புண்படும். இக்குறைக்கு மாற்றுக் கூறியவர் இரொபேட் வில்சன் என்னும் பௌதிகவியலாளர். போர்க்காலத்தில் அணுகுண்டு ஆக்கும் பணியில் ஈடுபட்ட அவர், 1946இல் புரோத்தனை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என எழுதினார். ஐதரசன் அணுவின் கருவாகிய புரோத்தன், செல்லும் வழியிற் குறைவாகவே ஆற்றலைச் சிந்தி, நிற்குமிடத்தில் மிகுதியாகக் கொட்டும். அதற்கு அப்பாற் செல்வதில்லை. 1954இல் பேர்க்கிலி ஆய்வுகூடத்தில் மனிதர்க்கு இது முதன்முதல் அளிக்கப்பட்டது. 1990இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் மருத்துவமனையிலேயே இதற்கெனப் பொறி அமைந்தது.

மற்றொரு பாதையில் மருந்துகள் வளர்ந்தன. 1957இல் அறிமுகமான புளோரோயுராசில், புற்றுக் கலங்களைக் கதிருக்கு எளிதில் இலக்காக்கும் தன்மையது. கதிருடன் அம்மருந்தையும் சேர்த்துப் பெற்றோர், கதிர் மட்டும் பெற்றோரினும் நீண்டகாலம் வாழ்ந்தனர் என 1969இல் மேயோ மருத்துவ நிலையத்தார் அறிவித்தனர். ஜெம்சிற்றபீன் என்னும் மருந்து 1996இல் அமெரிக்காவில் கணையப் புற்றுக்கு அங்கீகாரம் பெற்றது.

இவ்விரு பாதைகளும் யப்பானிற் கூடின. அணுகுண்டின் கொடுமையை அனுபவித்த அந்நாட்டிலேயே, அணுக்கருவின் துகள் உயிர்காக்கும் கருவியாயிற்று. ஹியோகோ மருத்துவ நிலையத்தார் சத்திரசிகிச்சைக்கு இயலாத 50 நோயாளருக்குப் புரோத்தனையும் ஜெம்சிற்றபீனையும் ஒருங்கே அளித்து, முடிவை 2012இல் வெளியிட்டனர். ஓராண்டின் பின் உயிர்வாழ்ந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 77 பேர். எனினும் சிலருக்கு இரைப்பையிலும் குடலிலும் புண்கள் உண்டாயின. அயலுறுப்புகளின் இடர் முற்றாய் நீங்கவில்லை.

மகிழ்ச்சி அறிவை மறைத்தலாகாது. 2016இல் வெளிவந்த பேராய்வொன்று, முதலில் மருந்து பெற்று நோய் அடங்கியிருந்தோரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டது. எக்ஸ் கதிரைச் சேர்த்ததனால் ஆயுள் நீளவில்லை என்பதே அதன் முடிபு. ஆகவே, ஒப்பீடின்றி ஒரு நிலையத்திற் கிடைத்த நற்பேறு முடிந்த முடிபாகாது. 2022இல் யப்பான் அரசு இந்நோய்க்கான புரோத்தன் சிகிச்சையைப் பொதுக் காப்புறுதியிற் சேர்த்தமை, நோயாளரின் செலவுச் சுமையைக் குறைத்தது. நோயை வென்றோம் என்று கூறும் நாள் இன்னும் வரவில்லை. கைவிரித்து அனுப்பிய காலமோ கழிந்துவருகின்றது.