காட்டுக்கு ஒருவன், அடுப்படிக்கு ஒருவன்

கடவுளை எதிர்த்த தேவதூதர்கள் வானிலிருந்து தள்ளப்பட்டார்கள். காட்டில் விழுந்தவன் லேஷி ஆனான், வீட்டில் விழுந்தவன் தொமவோய் ஆனான் என்று ரஷ்யக் கிராமங்களில் ஒரு கதை உண்டு. பிறப்பு ஒன்றுதான். ஆனால் குடியானவர்கள் இருவரிடமும் பழகிய விதம் வேறு. காட்டை அவர்கள் எப்படி மதித்தார்கள் என்பது அந்த வேறுபாட்டில் தெரிகிறது.

தொமவோய் அடுப்புக்குப் பின்னால் வாழும் தாடிக்காரக் கிழவன். பல ஊர்களில் குடும்பத் தலைவனின் சாயலிலேயே இருப்பான். தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு மாறும்போது பழைய அடுப்பின் தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டுபோய்ப் புது அடுப்பில் கொட்டி அவனை வரவேற்பார்கள்.

லேஷிக்கு அந்த ஒட்டுறவு கிடையாது. மரங்களுக்கு நடுவே மர உயரம் நிற்பான். புல்வெளிக்கு வந்தால் புல் உயரம் ஆகிவிடுவான். அங்கியை இடம்வலம் மாற்றி அணிந்திருப்பான், நிழல் விழாது. தெரிந்தவர் குரலில் கூப்பிட்டு வழிதப்ப வைப்பான். சிக்கியவர்கள் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டு, காலணியைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு தப்புவார்கள்.

இதோடு நிறுத்தினால் அவன் வெறும் பேயாகத் தெரிவான். அது நியாயமல்ல. வடரஷ்ய இடையர்கள் மேய்ச்சல் பருவத்துக்கு அவனோடு உடன்படிக்கையே செய்துகொண்டார்கள். ஓநாயும் கரடியும் தொடாமல் மந்தையை அவன் காக்க வேண்டும். பதிலுக்கு, பருவம் முடியும்வரை இடையன் காட்டுப்பழம் பறிக்கக் கூடாது, கிளை ஒடிக்கக் கூடாது; சில ஊர்களில் முடி வெட்டிக்கொள்ளவும் கூடாது. மீறினால் மந்தைக்குக் காவல் இல்லை. தொமவோய்க்கு ரொட்டியோ கஞ்சியோ வைத்தால் மனம் குளிர்ந்துவிடும். லேஷியிடம் கொடுப்பது மட்டும் போதாது, எடுக்காமலும் இருக்க வேண்டும். இருவரில் லேஷியே பெரியவன் என்று நான் நினைப்பது இதனால்தான்.

காட்டு விலங்குகளும் அவன் உடைமை. அணில்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தால், ஒரு லேஷி சீட்டாட்டத்தில் அவற்றைப் பக்கத்துக் காட்டு லேஷியிடம் தோற்றுவிட்டான் என்பார்கள்.

தொமவோய் ஆண்டு முழுதும் வீட்டிலேயே இருப்பான். லேஷியோ பழைய நாட்காட்டியின்படி அக்டோபர் 4, எரஃபேய் நாளில், மரங்களை முறித்துப் போட்டுவிட்டு நிலத்துக்குள் இறங்கி வசந்தம்வரை மறைந்துவிடுவான். 1903இல் வெளிவந்த செர்கேய் மக்சிமோவின் நூலில் இந்த நம்பிக்கை பதிவாகியிருக்கிறது. எரஃபேய் நாளன்று குடியானவர்கள் காட்டுக்குள் போகமாட்டார்களாம்.