தரங்கம்பாடி முதல் நம்ம லேப் வரை: பூச்சிப் பெட்டியின் கதை



விலங்கியல் படித்த யாரைக் கேட்டாலும், பிராக்டிகல் என்றதும் ஃபார்மலின் நெடி, ஸ்பாட்டர்ஸ், அப்புறம் பூச்சிப் பெட்டி என்று வரிசையாகச் சொல்வார்கள். பலருக்கு அது மார்க்குக்காகச் செய்த வேலை. "செத்த பூச்சியை வச்சுக்கிட்டு என்னய்யா செய்யறீங்க?" என்று கெமிஸ்ட்ரி நண்பர்கள் கிண்டல் செய்ததும் உண்டு. ஆனால் அந்தப் பெட்டிக்கு நம் மண்ணில் 250 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. விழா மலரில் அதைக் கொஞ்சம் பதிவு செய்வோமே!

ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-ல் விலங்குகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநிறுத்தினார். பத்தே வருஷத்தில், 1768-ல், அவருடைய மாணவர் யோஹான் கேனிக் மருத்துவராகத் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அன்று தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. வைத்தியத்தோடு செடிகொடிகளையும் பூச்சிகளையும் அவர் தேடித்தேடிச் சேகரித்தார். தஞ்சாவூர்ச் சீமையின் கரையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779-ல் வெளிவந்தது. லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபாப்ரிசியஸ் இந்தியாவுக்கு வந்தவரே அல்ல. இருந்தும் தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிப் போன பூச்சிகளைப் பார்த்தே பல இனங்களுக்குப் பெயர் வைத்தார். அவர் பெயரிட்ட பூச்சிகளில் பல இன்றும் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

நம் ஊரிலேயே பூச்சிகளைச் சேர்த்து வைத்துப் பாடம் நடத்தும் வழக்கம் விவசாயத்தை ஒட்டி வளர்ந்தது. சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய விவசாயப் பள்ளி 1906-ல் கோயமுத்தூருக்குப் போனது. தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி பெயின்பிரிக் ஃப்ளெட்சர் எழுதிய பெரிய நூல் 1914-ல் சென்னை அரசாங்க அச்சகத்தில் வெளியாயிற்று. நம்மவரான டி.வி.ராமகிருஷ்ண ஐயரின் தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு 1940-ல் வந்தது. இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916-ல் கல்கத்தாவில் தொடங்கி, 1961-ல் சென்னையில் தென்மண்டல மையம் திறந்தது. லயோலா கல்லூரியில் பேராசிரியர் டி.என்.அனந்தகிருஷ்ணன் 1963-ல் பூச்சியியல் ஆய்வு நிலையத்தை ஆரம்பித்தார். இலைப்பேன் ஆராய்ச்சியில் உலகம் அறிந்த பெயர் அவருடையது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018-ல் பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. போகாதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பூச்சியைப் பிடிப்பது சுலபம், காப்பாற்றுவதுதான் கஷ்டம். சாதாரணக் குண்டூசி துருப்பிடித்துவிடும், அதனால் துருப்பிடிக்காத பூச்சி ஊசிதான் வேண்டும். வண்டுக்கு வலது முன்சிறகின் மேல் ஊசி குத்துவது வழக்கம். இடது பக்கம் முழுசாக இருந்தால்தான் அடையாளம் பார்க்க முடியும். பட்டாம்பூச்சிக்கு மார்பின் நடுவே குத்தி, பலகையில் சிறகை விரித்துக் காயவைக்க வேண்டும். கரையான், அசுவினி, புழு மாதிரி மெத்தென்ற உடம்புக்காரர்களுக்கு 70 சதவீத ஆல்கஹால். இத்தனையும் செய்தாலும் நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சணம் வரும், எறும்பு வரும். எல்லாவற்றையும் விட மோசமானது மியூசியம் வண்டின் புழு. காய்ந்த பூச்சியைத் தின்றே வளரும். ஒரு பூச்சிக்கு அடியில் பொடி உதிர்ந்திருந்தால் திருடன் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். பாச்சை உருண்டை போட்டால் மட்டும் போதாது. பெட்டியை பாலிதீன் பையில் கட்டிச் சில நாள் ஃப்ரீசரில் வைத்தெடுப்பது இன்று பல இடங்களில் உள்ள முறை.

இதையெல்லாம் விட முக்கியம் லேபிள். எந்த ஊர், எந்த நாள், யார் பிடித்தது என்ற மூன்றும் இருந்தால்தான் அது ஆராய்ச்சிக்கு உதவும். லேபிள் இல்லையென்றால் அது வெறும் செத்த பூச்சி! சீனியரின் பெட்டியை வாங்கி, லேபிளை மட்டும் மாற்றிப் பரீட்சைக்கு வைக்கும் வழக்கம் கல்லூரிகளில் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். எக்ஸ்டர்னல் கண்ணில் மண் தூவலாம். ஆனால் மலையில் பிடித்ததை ஆற்றங்கரையில் பிடித்ததாக எழுதிவிட்டால் அந்தப் பொய் நூறு வருஷம் நிற்கும் தம்பி!

இதனால் என்ன பிரயோஜனம் என்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. 2008-ல் கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. மல்பெரி, மரவள்ளி என்று பரவி விவசாயிகளைக் கதற வைத்தது. மாவுப்பூச்சிகள் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் இனம் சொல்ல முடியும். பெயர் தெரிந்ததால் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா என்று தெரிந்தது. பூர்வீகம் தெரிந்ததால் அதன் இயற்கை எதிரியும் தெரிந்தது. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள், மாவுப்பூச்சி அடங்கியது. பெயர் சொல்லத் தெரிந்த ஆளும், ஒப்பிட்டுப் பார்க்கச் சேகரிப்பும் இல்லாத நாட்டில் இது நடக்குமா?

இன்று காலம் மாறிவிட்டது. யு.ஜி.சி. 2011-ல் தந்த வழிகாட்டுதலுக்குப் பிறகு டிஸெக்‌ஷன் குறைந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் சில பட்டாம்பூச்சிகளையும் பாதுகாக்கிறது, கண்டதையெல்லாம் பிடிக்க முடியாது. செல்போனில் படம் எடுத்தாலே போதும் என்கிறார்கள் இளைஞர்கள். நல்லதுதான், அனாவசியமாக ஒரு உயிரைக் கொல்ல வேண்டாம். ஆனால் படத்தை மைக்ராஸ்கோப்பில் வைக்க முடியாது, அதிலிருந்து மரபணுவும் எடுக்க முடியாது. புதிய இனம் கண்டால் அதன் மாதிரியை அங்கீகரித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டமே சொல்கிறது. புதிதாகப் பிடிப்பது குறையக் குறைய, ஏற்கெனவே பிடித்து வைத்ததன் மதிப்பு கூடிக்கொண்டே போகும். ஏரியாக இருந்து இன்று பஸ் ஸ்டாண்டாகிவிட்ட இடத்துத் தட்டானை இனிமேல் போய்ப் பிடிக்க முடியுமா?

எனவே ஒரு வேண்டுகோள். பரணில் பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் குப்பையில் போடாமல் துறைக்குக் கொடுங்கள். லேபிள் அழிந்திருந்தால், நிச்சயமாக ஞாபகம் இருப்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள். வசதியுள்ளவர்கள் காற்றுப் புகாத ஒரு அலமாரிக்கு உதவலாம். மாணவச் செல்வங்கள் மாதம் ஒருநாள் பெட்டிகளைத் திறந்து, அடியில் பொடி இருக்கிறதா என்று பார்த்தாலே போதும், பாதிப் பெட்டிகள் பிழைத்துவிடும்.